கேட்பதும் கேள்வி கேட்பதும்: அதிகாரத்தையும் மரபையும் கிறிஸ்தவர் கையாளும் முறை

தமிழில் 'கேள்' என்ற வினை மூன்று வேலைகளைச் செய்கிறது. பாட்டைக் கேட்கிறோம், வழி கேட்கிறோம், 'பெரியவர்கள் சொன்னால் கேட்க வேண்டும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். செவிகொடுப்பது, வினவுவது, கீழ்ப்படிவது ஆகிய மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. எபிரேயத்தின் 'ஷமா' என்ற வினையும் செவிகொடுப்பதையும் கீழ்ப்படிவதையும் சேர்த்தே குறிக்கும். லத்தீனில் கீழ்ப்படிதலுக்குரிய சொல்லும் கேட்டல் என்ற வேரிலிருந்து பிறந்ததுதான். ஆனால் வினவுதலையும் அதே சொல்லுக்குள் வைத்திருப்பது தமிழின் வசதி. உபாகமம் 6ஆம் அதிகாரத்தைத் தமிழில் படித்தால் இது கண்ணில் படும். நான்காம் வசனத்தில் 'இஸ்ரவேலே, கேள்' என்ற கட்டளை வருகிறது. இருபதாம் வசனத்தில், இந்தக் கட்டளைகளின் பொருள் என்ன என்று மகன் தகப்பனைக் கேட்கும் நாள் வருகிறது. எபிரேயத்தில் அவை வெவ்வேறு வினைகள், நமக்கு ஒன்றே.

அதிகாரத்தையும் மரபையும் இன்றைய உலகில் நேர்மையாகக் கையாள விரும்பும் கிறிஸ்தவருக்கு நான் சொல்லக்கூடிய வழி இந்த ஒரு சொல்லிலிருந்தே கிடைக்கிறது. முதலில் செவிகொடுங்கள், பிறகு வினவுங்கள், அதன்பின் கீழ்ப்படியுங்கள், இல்லையேல் வெளிப்படையாக மறுத்துவிடுங்கள். பழமையைப் போற்றுகிறவர்கள் பெரும்பாலும் நடுப்படியைத் தாண்டிக் குதிக்கிறார்கள். புதுமையைப் போற்றுகிறவர்கள் முதல் படியில் கால் வைப்பதே இல்லை. சபையிலோ வேலையிடத்திலோ வீட்டிலோ ஒரு கட்டளையோ வழக்கமோ உங்கள் முன்னால் வந்து நிற்கும்போது இந்தப் படிகளில் எப்படி ஏறுவது என்பதைக் கீழே விளக்குகிறேன்.

கட்டளையிடுபவருக்கு மேலே யார்?

கப்பர்நகூமில் இயேசுவைத் தேடி வந்த நூற்றுக்கு அதிபதி, தன் நிலையை விளக்கும்போது தனக்குக் கீழே இருந்த சேவகர்களிடமிருந்து தொடங்கவில்லை. தானும் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான், தன் சொல்லுக்கு வருகிறவர்களையும் போகிறவர்களையும் பற்றிப் பேசினார் (மத்தேயு 8:9). அதிகாரத்தை எடைபோட இதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ஒருவர் உங்களை ஒன்றைச் செய்யச் சொல்லும்போது, அவர் யாருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியவர் என்று பாருங்கள். எவருக்கும் கணக்குக் கொடுக்காதவர் தேவனுடைய பெயரைச் சொல்லிக் கட்டளையிட்டால் உங்கள் எச்சரிக்கை இரண்டு மடங்காக வேண்டும்.

ரோமர்கள் இந்த இடத்தில் இரண்டு சொற்களை வைத்திருந்தார்கள். பணிய வைக்கும் வலிமையைப் 'பொதெஸ்தாஸ்' என்றார்கள். சொல்லுக்குத் தானாகக் கிடைக்கும் மதிப்பை 'அவுக்தோரித்தாஸ்' என்றார்கள். இரண்டாவது சொல்லின் வேருக்கு 'வளரச் செய்தல்' என்று பொருள். 494ஆம் ஆண்டில் போப் முதலாம் கெலாசியுஸ் பேரரசர் அனஸ்தாசியுசுக்கு எழுதிய கடிதத்தில், ஆயர்களிடம் இருப்பது அவுக்தோரித்தாஸ் என்றும் அரசரிடம் இருப்பது பொதெஸ்தாஸ் என்றும் பிரித்து எழுதினார். நாமோ இரண்டையும் 'அதிகாரம்' என்றே சொல்லிவிடுகிறோம். (நூலின் பகுதிக்கும் அதே சொல்லைப் பயன்படுத்துகிறோம் என்பது வேறு கதை.) ஆகவே, சொல் பிரித்துக் காட்டாததை நாமே பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இவருக்குக் கீழே பல ஆண்டுகள் இருந்தவர்கள் வளர்ந்திருக்கிறார்களா, குன்றியிருக்கிறார்களா? சொந்தமாக ஜெபிக்கவும் சிந்திக்கவும் முடிவெடுக்கவும் தெரிந்தவர்களாக ஆகியிருக்கிறார்களா, எல்லாவற்றுக்கும் அவர் வாயையே பார்ப்பவர்களாக ஆகியிருக்கிறார்களா? புறஜாதியாரின் தலைவர்கள் தங்களுக்குக் கீழ்ப்பட்டவர்களை இறுமாப்பாய் ஆளுகிறார்கள், உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது, பெரியவனாயிருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாயிருக்கட்டும் என்று இயேசு சொன்னதை (மாற்கு 10:42-43) ஒருவருடைய பேச்சில் தேடாதீர்கள். அவரைச் சுற்றியிருப்பவர்களின் முகத்தில் தேடுங்கள்.

இணையத்தில் போதிக்கிறவர்களைப் பொறுத்தவரை இந்தச் சோதனை இன்னும் அவசியம். தன் சபையின் மூப்பரை ஆயிரம் கேள்வி கேட்கும் ஒருவர், காணொளியில் பேசும் முன்பின் தெரியாத ஒருவருடைய சொல்லை அப்படியே விழுங்கிவிட்டு, அதைச் சுயசிந்தனை என்று எண்ணிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அதிகாரத்தை உதறிவிட்டதாக அவர் நினைக்கிறார். உண்மையில் கணக்குக் கொடுக்கும் அதிகாரத்தை விட்டுவிட்டுக் கணக்குக் கொடுக்காத அதிகாரத்துக்கு மாறியிருக்கிறார். எனவே, இன்னொருவருடைய போதனையைக் கொண்டு உங்கள் வாழ்வை மாற்றுவதற்கு முன் சில எளிய விவரங்களைத் தேடிப்பாருங்கள். காணிக்கைக் கணக்கை அவரைச் சாராதவர் யாராவது தணிக்கை செய்கிறார்களா? 'இது தவறு' என்று அவரிடம் சொல்லக்கூடிய இடத்தில் யாராவது இருக்கிறார்களா? தான் தவறியதாக அவர் எப்போதாவது ஒப்புக்கொண்டிருக்கிறாரா? மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜின் ஆயராயிருந்த சிப்ரியான், மூப்பர்களின் ஆலோசனையும் மக்களின் இசைவும் இல்லாமல் என் சொந்த எண்ணப்படி எதையும் செய்வதில்லை என்று பொறுப்பேற்ற நாளிலேயே தீர்மானித்தேன் என எழுதினார். இடித்துரைப்பவர்களைத் தன் அருகில் வைத்துக்கொள்ளாத தலைவரை நம்புவதற்கு இடிந்துவிழும் சுவரில் சாயலாம்.

எதிர்ப்பக்கத்துத் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். குறையே இல்லாத தலைவர் கிடைக்கும்வரை எவருக்கும் கீழ்ப்படிய மாட்டேன் என்பவர் கடைசிவரை தனக்கு மட்டுமே கீழ்ப்படிந்துகொண்டிருப்பார். மோசேயின் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த வேதபாரகரைக் கடுமையாகச் சாடிய அதே அதிகாரத்தில்தான், அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள், செய்வதைச் செய்யாதிருங்கள் என்றும் இயேசு சொன்னார் (மத்தேயு 23:2-3). பொறுப்பில் இருப்பவரின் குறை பொறுப்பை இல்லாமலாக்கிவிடுவதில்லை.

கடினமா, பாவமா?

ஒரு கட்டளை உங்களுக்குப் பிடிக்காமல் போக எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். அது முட்டாள்தனமாக இருக்கலாம், சுமையாக இருக்கலாம், சொன்ன விதம் உங்கள் மானத்தைத் தொட்டிருக்கலாம். இவற்றில் எதுவும் மறுப்பதற்குப் போதுமான காரணம் ஆகாது என்பதே கிறிஸ்தவ மரபின் தீர்ப்பு; இது இன்றைய காதுக்கு இனிக்காது என்பது எனக்குத் தெரியும். மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்று பேதுருவும் மற்ற அப்போஸ்தலரும் ஆலோசனைச் சங்கத்தின் முன்னால் சொன்னது (அப்போஸ்தலர் 5:29), இயேசுவைப் பற்றிப் போதிக்கவே கூடாது என்ற தடைக்கு எதிராகத்தான். தனக்கு ஒத்துவராத நேர அட்டவணையை எதிர்க்க அந்த வசனத்தைக் கையில் எடுப்பவர் அதை மலிவாக்குகிறார்.

ஆறாம் நூற்றாண்டில் துறவி பெனடிக்ட் எழுதிய மடாலய விதித்தொகுப்பின் 68ஆம் அதிகாரம், செய்யவே முடியாததாகத் தோன்றும் வேலையைத் தலைவர் கொடுத்தால் என்ன செய்வது என்று பேசுகிறது. முதலில் சாந்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். சுமை தன் வலிமைக்கு மீறியது என்று தெரிந்தால், தக்க நேரம் பார்த்து, அகந்தையோ பிடிவாதமோ இல்லாமல், தன்னால் ஏன் முடியாது என்பதைப் பொறுமையாக விளக்க வேண்டும். அதற்குப் பிறகும் தலைவர் தன் சொல்லில் நின்றால், தேவனின் துணையை நம்பிச் செய்ய வேண்டும். 'தக்க நேரம் பார்த்து' என்பதே இதில் மிகவும் பயன்படும் சொல் என்பேன். பத்துப் பேர் முன்னிலையில் கேட்கப்படும் நியாயமான கேள்விகூடச் சவாலாகத்தான் ஒலிக்கும். அதையே மாலையில் தனியாகக் கேட்டால் உதவியாக ஒலிக்கும்.

பாவமும் இல்லாமல், வெறும் சுமையும் இல்லாமல் மூன்றாவது வகை ஒன்று உண்டு: கட்டளையிடுபவரின் எல்லைக்கே அப்பாற்பட்டது. கீழ்ப்படிதலின் எல்லைகளை ஆராய்ந்த பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ், தலைவருக்கு எந்தக் காரியத்தில் பொறுப்பு இருக்கிறதோ அந்தக் காரியத்தில் மட்டுமே கீழ்ப்படியக் கடன் உண்டு என்றார். அதற்கு அவர் காட்டிய எடுத்துக்காட்டு பலரை வியக்க வைக்கும்: திருமணம் செய்துகொள்வதா, மணமாகாமல் இருப்பதா என்பதில் பிள்ளைகள் பெற்றோருக்கும் ஊழியர் எஜமானருக்கும் கீழ்ப்படியக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று எழுதினார். ஆகவே, போதகர் ஒருவர் தேர்தலில் உங்கள் வாக்கு யாருக்கு என்று தீர்மானிக்க முற்பட்டால், மரியாதையோடு செவிகொடுத்துவிட்டு, முடிவை நீங்களே எடுக்கலாம். அது கலகம் ஆகாது.

இந்தப் பிரிப்பு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை அருகில் நின்று பார்ப்போம். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் பெண்ணிடம் மேலாளர் வந்து, மூன்றாம் தேதி பதிவான சரக்கை முந்தைய மாதம் முப்பதாம் தேதி வந்ததாகப் பதிவேட்டில் மாற்றி எழுதச் சொல்கிறார். அவள் உடனே 'இது பொய்க்கணக்கு' என்று குரல் எழுப்பினால், செவிகொடுத்தல் என்ற படியைத் தாண்டிவிட்டாள். உடனே பேனாவை எடுத்தால், வினவுதல் என்ற படியைத் தாண்டிவிட்டாள். 'சார், சரக்கு முப்பதாம் தேதியே வந்துவிட்டதா? பதிவு மட்டும்தான் தாமதமா?' என்று அவள் கேட்கட்டும். ஆம் என்றால், வாயில் பதிவேட்டைச் சரிபார்த்து, திருத்தம் என்று குறிப்பெழுதி, கையெழுத்திட்டு மாற்றலாம். அதில் பொய் இல்லை. இல்லை என்றால், 'அந்தத் தேதியை என்னால் எழுத முடியாது, சார். மூன்றாம் தேதி என்றே இருக்கட்டும். தாமதத்துக்கான காரணத்தைக் குறிப்பாகச் சேர்த்துத் தருகிறேன், தணிக்கையாளர் கேட்டால் நானே விளக்குகிறேன்' என்று சொல்லலாம். மறுப்போடு ஒரு மாற்றுவழியும் அதில் இருக்கிறது.

இந்த முறை தானியேலிடம் கற்றது. சிறைப்பட்டுப் போன இடத்தில், பாபிலோன் ராஜாவின் போஜனத்தால் தன்னைத் தீட்டுப்படுத்தலாகாது என்று மனதில் தீர்மானித்த தானியேல், தட்டைத் தள்ளிவிடவில்லை. பிரதானிகளின் தலைவனிடம் வேண்டிக்கொண்டார். அந்தத் தலைவனோ, உங்கள் முகம் வாடியிருப்பதை ராஜா கண்டால் என் தலை போய்விடும் என்றான். தானியேல் அந்தப் பயத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, விசாரிப்புக்காரனிடம் பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டார் (தானியேல் 1:8-13). கட்டளையிடுபவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார், அவருக்கும் பயம் இருக்கிறது என்பதை உணர்ந்து, அவரும் தலை தப்பும்படியான ஒரு வழியைக் கையில் கொண்டு போவது கோழைத்தனம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பெயர் விவேகம். நான்கு தலையாய நற்பண்புகளில் மரபு அதை முதலாவதாக வைத்ததற்குக் காரணம் உண்டு.

மறுத்தே ஆகவேண்டும் என்றால்

மாற்றுவழி எடுபடாத நாளும் வரும். அதே தானியேல் பிற்காலத்தில், ராஜாவைத் தவிர வேறெவரிடமும் விண்ணப்பம் பண்ணக்கூடாது என்ற சட்டம் கையெழுத்தானதை அறிந்தபோது, வீட்டுக்குப் போய், எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்த பலகணிகளின் முன், முன்பு செய்துவந்தபடியே நாளுக்கு மூன்று முறை முழங்காற்படியிட்டார். 'முன்பு செய்துவந்தபடியே' என்பதைக் கவனியுங்கள். சட்டத்துக்குப் பயந்து பலகணியை அடைக்கவும் இல்லை. சட்டத்தைச் சீண்டுவதற்காக நான்காவது முறை ஜெபிக்கவும் இல்லை. விளைவிலிருந்து தப்பி ஓடவும் இல்லை.

தனியாக மறுக்காதீர்கள் என்பது நான் கொடுக்கும் அடுத்த ஆலோசனை. 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனைகளைப் பலர் அறிந்திருப்பார்கள். சாம்பல் நிற அங்கி அணிந்த ஆய்வாளர் சொன்னதால், அடுத்த அறையிலிருப்பவருக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதாக நம்பி, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் என்ற கடைசிப் பொத்தான்வரை அழுத்தினார்கள். மின்னதிர்ச்சி நிஜமல்ல, கீழ்ப்படிந்தது நிஜம். அதிகம் பேசப்படாத இன்னொரு சோதனையில், பங்கேற்பவரோடு உட்கார வைக்கப்பட்ட இருவர் பாதியில் மறுத்து எழுந்துவிடுவார்கள். அங்கே 40 பேரில் 4 பேர் மட்டுமே கடைசிவரை போனார்கள். நல்ல மனசாட்சி உள்ளவருக்கும் பக்கத்தில் இன்னொருவர் தேவைப்படுகிறது. ஆகவே, பெரிய மறுப்புக்கு முன்னால், உங்களைப் புகழாத, விஷயம் அறிந்த ஒருவரிடமாவது முழு உண்மையையும் எடுத்துச் சொல்லுங்கள். உங்களுக்குச் சாதகமில்லாத பகுதியையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

அப்படிக் கேட்டும் ஒருவரும் துணை நிற்காமல் போகலாம். ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டெட்டர், ஹிட்லரின் படையில் போரிடுவது பாவம் என்று கருதினார். தன் முடிவோடு ஒளிந்துகொள்ளாமல் குருக்களிடம் கேட்டார். ஆயரையே நேரில் போய்ப் பார்த்தார். குடும்பத்துக்கான கடமையை எண்ணும்படியே அவருக்கு அறிவுரை கிடைத்தது. அவருக்கு மனைவியும் சிறு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லாவற்றுக்கும் செவிகொடுத்த பிறகு அவர் மறுத்தார். 1943 ஆகஸ்ட் 9 அன்று கொல்லப்பட்டார். 2007இல் அதே கத்தோலிக்கத் திருச்சபை அவரை, புனிதர் நிலைக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. அவர் திருச்சபையின் அதிகாரத்தை உதறியவர் என்று சொல்ல முடியவில்லை. கடைசிவரை அதனிடம் கேட்டுக்கொண்டே இருந்தவர் அவர்.

மறுக்கும் முறைக்கும் நற்பண்புகள் வேண்டும். மனத்திடம் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இச்சையடக்கமும் வேண்டும் என்பது இரவு பதினொரு மணிக்குக் கோபமான பதிலைத் தட்டச்சு செய்துகொண்டிருப்பவருக்குத்தான் தெரியும். அந்தப் பதிலை எழுதுங்கள், ஆனால் காலையில் படித்துவிட்டு அனுப்புங்கள். குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியே பேசு என்ற ஒழுங்கு (மத்தேயு 18:15) உரையாடலைப் படம்பிடித்துக் குழுவில் போடும் காலத்துக்கு இன்னும் பொருந்தும். தனக்கு மேலிருப்பவரைத் திருத்துவதும் அன்பின் கடமையே என்று அக்குவினாஸ் எழுதினார்; விசுவாசத்துக்கே ஆபத்து என்றால் வெளிப்படையாகவும் செய்யலாம் என்று சொல்லி, அந்தியோகியாவில் பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்ததை (கலாத்தியர் 2:11) எடுத்துக்காட்டினார்.

ஒரு விதிவிலக்கை மட்டும் சுற்றிவளைக்காமல் எழுத வேண்டும். சிறுவர்மீது அத்துமீறல், வன்முறை, பணமோசடி போன்ற குற்றங்கள் சபைக்குள் நடந்தால், 'தனியே பேசு' என்ற வசனத்தைக் காட்டி அவற்றை உள்ளேயே வைத்திருப்பது அந்த வசனத்தைக் குற்றவாளிக்குக் கேடயமாக்குவது. காவல்துறையிடம் போங்கள். தீமை செய்கிறவனைத் தண்டிக்க அரசுக்குப் பட்டயம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்வதும் அதே வேதம்தான் (ரோமர் 13:4). குற்றஞ்சாட்டப்பட்டவர் மூப்பராயிருந்தாலும், பாவம் செய்தவரை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள் என்பதே 1 தீமோத்தேயு 5:20இன் ஒழுங்கு. கௌரவத்தைக் காப்பாற்று என்பது அங்கே இல்லை.

பொறுப்பு உங்கள் கையில் இருக்கும்போது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் மேலே சொன்னவற்றைத் திருப்பிப் போட்டாலே போதும். பெனடிக்டின் விதித்தொகுப்பு, முக்கியமான காரியங்களில் எல்லாச் சகோதரர்களையும் அழைத்துக் கேட்குமாறு தலைவருக்குச் சொல்கிறது. பல வேளைகளில் இளையவருக்கே ஆண்டவர் சிறந்ததை வெளிப்படுத்துகிறார் என்று அதற்குக் காரணமும் கொடுக்கிறது. கேட்ட பிறகு முடிவெடுப்பது தலைவரின் வேலை. ஆனால் முதலிலேயே முடிவெடுத்துவிட்டுப் பிறகு கருத்துக் கேட்பதுபோல் நடிப்பதை மக்கள் ஒரே கூட்டத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகரில் ஆயராயிருந்த அகுஸ்தீன் தன் மக்களிடம், உங்களுக்காக நான் ஆயர், உங்களோடு நான் கிறிஸ்தவன் என்றார். முதலாவது தன்னை அச்சுறுத்துகிறது என்றும் இரண்டாவது தன்னைத் தேற்றுகிறது என்றும் சொன்னார். அந்த அச்சம் துளியும் இல்லாதவர் பொறுப்புக்கு வராமலிருப்பது நல்லது.

மரபைக் கையில் வாங்குவது

மரபைப் பற்றிப் பேசும்போது என் சொந்தப் பிழை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நான் உறுப்பினராயிருந்த சபையில், ஆராதனை ஒழுங்கைச் சீர்ப்படுத்த ஐந்து பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அதில் நானும் ஒருவன். பிரசங்கத்துக்கும் இராப்போஜனத்துக்கும் இடையில் இரண்டு நிமிடம் ஒன்றுமே நடக்காது. பாட்டில்லை, ஜெபமில்லை, அறிவிப்பும் இல்லை. ஒலிபெருக்கி பழுதாகிவிட்டது என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள் என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தோம். அந்த இடைவெளியை எடுத்துவிட்டு ஒரு பாடலை வைத்தோம். மூன்று மாதம் கழித்து, வயதான அம்மா ஒருவர் வாசலில் என்னை நிறுத்தி, 'தம்பி, இப்போது நான் எப்போது மன்னிப்புக் கேட்பது?' என்று கேட்டார். பழைய கூட்டக் குறிப்பேட்டைத் தேடி எடுத்துப் பார்த்தபோதுதான் விவரம் தெரிந்தது. எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து இந்த அப்பத்தில் புசிக்கக்கடவன் என்ற வசனத்துக்காக (1 கொரிந்தியர் 11:28) முந்தைய தலைமுறை அந்த மௌனத்தை வேண்டுமென்றே வைத்திருந்தது. எங்களில் ஒருவரும் அதை விசாரிக்கவில்லை.

ஆகவே, ஒரு வழக்கம் உங்களுக்கு விளங்கவில்லை என்றால், அதை நீக்குமுன் அதற்குள் சில காலம் வாழ்ந்துபாருங்கள். ஒரு திருச்சபை ஆண்டு முழுவதும் என்றால் இன்னும் நல்லது. பிறகு, அது எங்கிருந்து வந்தது என்று மூத்தவர்களைக் கேளுங்கள், குறிப்பேடுகளைப் புரட்டுங்கள். மரபுக்குரிய புதிய ஏற்பாட்டுச் சொல் 'ஒப்படைத்தல்' என்ற வினையிலிருந்து வருகிறது. கர்த்தரிடத்தில் பெற்றதை உங்களுக்கு ஒப்புவித்தேன் என்று 1 கொரிந்தியர் 11:23இல் எழுதும் பவுல், அதே மூச்சில், இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவைக் குறிப்பிடுகிறார். தமிழில் ஒப்புவித்தல் என்றும் காட்டிக்கொடுத்தல் என்றும் பிரிந்து நிற்கும் இவை கிரேக்க மூலத்தில் ஒரே வினை. யூதாஸும் கொடுத்தான், பவுலும் கொடுத்தார். பெற்றதைக் கைமாற்றுகிறவர்கள் எல்லோரும் அதைக் காப்பாற்றுகிறவர்களாக இருக்க வேண்டியதில்லை என்பதை அந்த ஒரு வசனமே நினைவூட்டிவிடுகிறது.

விசாரித்த பிறகு, அந்த வழக்கம் யாரையாவது அன்பின் கடமையிலிருந்து விடுவித்துத் தப்ப வைக்கிறதா என்று பாருங்கள். தாய்தகப்பனுக்குச் செய்ய வேண்டிய உதவியைக் 'கொர்பான்', அதாவது காணிக்கை, என்று அறிவித்துவிட்டு நழுவியவர்களிடம், உங்கள் பாரம்பரியத்தினால் தேவவசனத்தை அவமாக்குகிறீர்கள் என்று இயேசு சொன்னது (மாற்கு 7:11-13) இந்தச் சோதனையைத்தான். பெற்றோரைப் பட்டினி போடும் பக்தியும், ஒருவரைத் தாழ்ந்த இடத்தில் உட்கார வைக்கும் ஒழுங்கும் எத்தனை நூற்றாண்டு பழையவையாக இருந்தாலும் இங்கே நிற்க முடியாது.

ஆனால் இந்தச் சோதனையைக் கையில் எடுப்பவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. உண்மையில்லாத வழக்கம் வெறும் பழைய தவறு என்ற புகழ்பெற்ற வாக்கியம், முன்னே சொன்ன சிப்ரியானுடையது. சபைப் பிரிவினையாளர்களிடம் ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர்களுக்கு மீண்டும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா என்ற சர்ச்சையில், வேண்டாம் என்ற ரோமின் பழைய வழக்கத்துக்கு எதிராக அவர் அதை எழுதினார். 314இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர்களின் சங்கமோ ரோமின் வழக்கத்தின் பக்கமே நின்றது. வாக்கியம் நிலைத்தது, அதைக்கொண்டு அவர் நிறுவ முயன்றது மேற்குத் திருச்சபையில் நிலைக்கவில்லை. சரியான கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு தவறான முடிவுக்கு வர முடியும், அதுவும் இரத்தசாட்சியாக மரித்த ஒருவராலேயே முடியும் என்றால், குழுக் கூட்டத்தில் நாம் கொஞ்சம் மெதுவாகவே பேசலாம்.

மரபுக்குள் தவறு இருப்பதாகத் தெரிந்தால், பெரும்பாலும் அதற்கான மருந்து மரபுக்குள்ளேயே இன்னும் ஆழத்தில் கிடக்கும். அடிமைமுறைக்கு வேதவசனங்களைக் காட்டி வக்காலத்து வாங்கிய கிறிஸ்தவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை இருந்தார்கள். ஆனால் நான்காம் நூற்றாண்டிலேயே நீசா நகரின் ஆயர் கிரகோரி, தேவசாயலாகப் படைக்கப்பட்ட மனிதனுக்கு எந்த விலையைக் குறிப்பது, அவனை விற்பவன் யார், வாங்குபவன் யார் என்று பிரசங்கத்தில் கேட்டிருந்தார். அடிமை வணிகத்தை பிரிட்டன் தடைசெய்தது 1807இல். கிரகோரியின் கேள்வி அதுவரை தொலைந்து போயிருக்கவில்லை; கேட்க விரும்பாத காதுகளே மிகுதியாயிருந்தன. 434ஆம் ஆண்டில் லெரின்ஸ் தீவின் துறவி வின்சென்ட், எங்கும், எப்போதும், எல்லோராலும் நம்பப்பட்டதைப் பற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதியதை மட்டும் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே நூலில் அவர், குழந்தையின் உடல் வளர்ந்து ஆளாவதைப்போல உபதேசமும் வளரும் என்றும், வளர்வது வேறு, வேறொன்றாக மாறிவிடுவது வேறு என்றும் எழுதினார். ஒரு மாற்றத்தை முன்வைக்கும்போது, இது அதே உடலின் வளர்ச்சிதான் என்று உங்களால் காட்ட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் இன்னும் கொஞ்சம் படியுங்கள்.

மாற்றியதையும் திருப்பி வைத்ததையும் எழுதி வையுங்கள். எங்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய குறிப்பேடுதான். இரண்டு நிமிட மௌனத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, ஆராதனைத் தாளில் அந்த இடத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்த்தோம்: 'நம்மை நாமே சோதித்தறிய.' முதல் வாரம், எனக்கு முன் இருக்கையில் இருந்த சிறுவன் அந்த அமைதியின் நடுவே, கோயில் முழுவதும் கேட்கும்படி, 'அம்மா, ஏன் யாரும் பேசவில்லை?' என்று கேட்டான். பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அவள் தாளை எடுத்து, அந்த வரியில் விரலை வைத்து, அவன் காதருகே குனிந்து மெல்லப் படிக்கத் தொடங்கினாள்.